ஆவுளியாவுக்கு ஒரு வெளியீட்டு விழா

நான் எழுதிய புத்தகம் இருபத்து நாலு பக்கம். அதை வெளியிட குடமுருட்டிக்கரை முத்தமிழ்ப் பேரவை அடித்த அழைப்பிதழ் இருபத்தெட்டு பக்கம். இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்த என் கணவர், "இதுல எது புத்தகம்?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. அழைப்பிதழின் அட்டைதான் கெட்டியாக இருந்தது.

என் பெயர் எழில்மொழி. பட்டுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் ஊசி குத்துவேன், ஏழாவது நாள் கடலுக்குப் போவேன். தஞ்சாவூர் ஜில்லா என்றதும் எல்லோருக்கும் வயல்தான் ஞாபகம் வரும். எங்கள் ஜில்லாவுக்குக் கடலும் இருக்கிறது. என்ன காரணமோ, யாரும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தக் கடலில், கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்திலேயே, ஆவுளியா மேய்கிறது. புத்தகத் தமிழில் கடற்பசு. இரண்டு ஆள் நீளம், நானூறு கிலோ எடை. யாரையும் ஒன்றும் செய்யாது. கடலடியில் வளரும் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே போகும். அது போன தடம், ஏர் ஓட்டிய சால் மாதிரி நீளமாகத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சேதுபாவாசத்திரம் பக்கம் ஒரு நாட்டுப்படகில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் மூக்கைத் தூக்கியது. இரண்டு துவாரங்கள் திறந்தன. 'புஸ்' என்று ஒரு மூச்சு. மூடிக்கொண்டன. போய்விட்டது. மொத்தம் மூன்று நொடி. நான் அழுதுவிட்டேன். படகுக்காரர், "வாந்தி வருதாக்கா?" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

அந்த மூன்று நொடியைத்தான் இருபத்து நாலு பக்கமாக எழுதினேன். ஒரு குட்டி ஆவுளியா மீன்வலையில் மாட்டிக்கொள்ளும் கதை. இதை யாராவது பிள்ளைகள் உட்கார்ந்து கேட்க வேண்டும், இப்படி ஒரு ஜீவன் நம் ஜில்லாவில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

பூதலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞானாம்பாள் டீச்சர் இருக்கிறாள், என்னோடு படித்தவள். "எங்க பிள்ளைங்க முப்பத்தெட்டு பேரு. ஒருத்தரும் கடலைப் பார்த்ததில்லடி" என்றாள். நான் நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்து படித்துக் காட்டுகிறேன் என்றேன். வெளியாள் ஒருவர் பள்ளிக்குள் வந்து புத்தகம் வாசிக்க ஏழு இடத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். அதே பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி ஒரு விழாவுக்குக் கூட்டிப்போவதற்கு வாய்வார்த்தை போதுமாம். "நீ ஒரு விழா வையி. நான் கூட்டிட்டு வந்துடறேன். ஆனா ஒரு மணிக்கு பஸ் கெளம்பிடும், சொல்லிட்டேன். அந்த பஸ்ஸு சாயங்காலம் ஒரு பொண்ணு அழைப்புக்குப் போவணும்."

இப்படித்தான் நான் பேரவையின் வாசலை மிதித்தேன்.

பேரவைத் தலைவர் புலவர் வைத்தியலிங்கம் என்னை அன்பாக வரவேற்றார். இதுவரை நூற்றுப் பதின்மூன்று நூல்களை வெளியிட்டிருக்கிறார்கள். என் புத்தகத்தைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல இரண்டு தரம் மேலும் கீழும் அசைத்தார். திறக்கவில்லை.

"நல்லா வந்திருக்கும்மா. வாழ்த்துரைக்கு ஒரு இருபது பேர் போட்டுடலாமா?"

"ஐயா, பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டத்தான்..."

"அதுக்குத்தான் ஏற்புரை இருக்கே. பன்னெண்டரைக்குப் போட்டுடறேன். கால் மணி நேரம் முழுக்க முழுக்க உங்களுக்கு."

பன்னிரண்டரையிலிருந்து பன்னிரண்டே முக்கால். பஸ் ஒரு மணிக்கு. போதும் என்று நினைத்துக்கொண்டேன். விழாக்களுக்குப் போய்ப் பழக்கமில்லாதவள் நான்.

அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை, நோக்கவுரை, அறிமுகவுரை என்று ஆரம்பித்து மொத்தம் அறுபத்தொரு பேர் இருந்தார்கள். என் பெயர் இருபத்தேழாம் பக்கத்தில், ஒலிபெருக்கி உதவிக்கு மேலே, மதிய உணவுக்குக் கீழே இருந்தது.

விழா நாளான சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே பாபநாசத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டேன். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். பதினாலு முகங்கள். கீழ் ஓரத்தில் நீலத்திமிங்கலம் ஒன்று தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"இது திமிங்கலங்க" என்றேன் செயலாளர் ராஜ்குமாரிடம்.

"தெரியும் மேடம். உங்க மிருகத்தையும் தேடிப் பார்த்தோம். மூஞ்சி அவ்வளவு எடுப்பா இல்ல. தலைவர் படத்துக்குப் பக்கத்துல வேற வரணும், பாருங்க."

ஞானாம்பாள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். முப்பத்தெட்டு பேரும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். முதல் மூன்று வரிசை நாற்காலிக்கு வெள்ளைத்துணி போட்டிருந்தது, அது பிரமுகர்களுக்கு. நாலாவது வரிசை பிரமுகர்களோடு வருகிறவர்களுக்கு. ஐந்தாவது அவர்களுடைய டிரைவர்களுக்கு. பிள்ளைகள் கடைசியில் தூணுக்குப் பின்னால் போனார்கள். பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப் போனேன். ராஜ்குமார் ஓடிவந்து தடுத்தார்.

"மேடம், மேடம்! இன்னும் வெளியிடவே இல்ல. வெளியிடறதுக்கு முன்னாடி படிச்சா அப்புறம் வெளியீட்டுக்கு என்ன மரியாதை?"

பெட்டியை மேடைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா சரியாகப் பதினொன்றுக்குத் தொடங்கியது. வரவேற்புரையில் மேடையில் இருந்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்கவே இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஒருவர் பெயரை விட்டுவிட்டதாகத் துண்டுச் சீட்டு வந்ததால், வரிசை கெடாமல் இருக்க முதலிலிருந்து மறுபடி சொன்னார்கள். பிறகு சால்வைகள். அறுபத்தொரு பேருக்கும் போட்டார்கள். போட்டவருக்கு யார் போடுவது என்று கேள்வி வந்தது. அதற்கும் ஆள் வைத்திருந்தார்கள். எனக்கு ஒன்பது சால்வை. சித்திரை வெயிலில் ஒன்பது சால்வைக்குள் இருந்து பார்த்தால், ஒரு நூலாசிரியர் எவ்வளவு சீக்கிரம் வேகும் என்பது தெரியும்.

அடுத்து தலைவரின் தலைமையுரை.

"இந்த நூலை நான் இன்னும் வாசிக்கவில்லை" என்று பெருமிதத்தோடு ஆரம்பித்தார் புலவர் வைத்தியலிங்கம். "வாசித்துவிட்டால் நடுநிலையோடு பாராட்ட முடியாது. நூற்றுப் பதின்மூன்று நூல்களை வெளியிட்டிருக்கிறோம். ஒன்றைக்கூட வாசித்து, எந்த ஆசிரியருக்கும் நாங்கள் பாரபட்சம் காட்டியதில்லை!"

மண்டபம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். பாராட்டப்படுவது நான்தானே, தட்டாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்கள்.

மணி பன்னிரண்டு. நூலை வெளியிட வேண்டிய சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அவர் நாலைந்து கல்லூரிகள் நடத்துகிறார். அவரைக் கல்வித் தந்தை என்றுதான் சொல்வார்கள். அவருடைய மற்ற பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடுவதால் பெயர் வரைக்கும் யாரும் போய்ச் சேர்வதில்லை. கார் அய்யம்பேட்டையைத் தாண்டிவிட்டது என்று தகவல் வந்தது. பத்து நிமிஷம். அதுவரை யாராவது பேச வேண்டும்.

இங்கேதான் பேரவைக்குச் சிக்கல் வந்தது. கார் வருகிறவரை பேசுவது, பேச்சாளர்கள் மத்தியில் கௌரவக் குறைச்சல். நோக்கவுரைக்காரர் தொண்டை சரியில்லை என்றார். அறிமுகவுரைக்காரர் மாத்திரை போட வேண்டும் என்றார். ஒருவர், "நான் கார் வந்ததுக்கு அப்புறம் பேசுற ஆளுய்யா" என்று பச்சையாகவே சொல்லிவிட்டார். ராஜ்குமார் மேடையை ஒரு முறை பார்த்தார். கௌரவமே இல்லாத ஒரே ஆள் கண்ணில் பட்டாள்.

"மேடம், நீங்க ஏதாவது சும்மா பேசிட்டிருங்களேன்."

ஒன்பது சால்வையையும் நாற்காலியில் குவித்துவிட்டு, மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி, தூணுக்குப் பின்னால் ஓடினேன். கார் வழியில் பஞ்சராக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

"பிள்ளைங்களா, நடவுக்கு முன்னாடி வயல்ல உழுத சால் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கோம்!" முப்பத்தெட்டு குரல்.

"அதே மாதிரி கடலுக்கு அடியில ஒருத்தி உழுதுட்டே போறா. அவ பேரு ஆவுளியா. முதுகுமேல அவ குட்டி."

வாயைத் திறந்தபடி இருந்தார்கள். தூணுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் நகர்ந்து நகர்ந்து வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தார்கள். டிரைவர்கள் வரிசையில் இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்தார்கள். நிலோஃபர் என்று ஒரு பெண், இரட்டைச் சடை, மூன்றாம் வகுப்பு, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். தான் பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. இதற்காகத்தான் எழுதினேன், வேறு எதற்கு?

"குட்டி வலையில மாட்டிக்கிச்சு. ஆவுளியா மீன் இல்ல. நம்மள மாதிரி மூச்சு விடணும். அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒருக்கா மேல வந்தாகணும். வலை கீழ இழுக்குது. அம்மா சுத்திச் சுத்தி வர்றா. ஒரு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நிமிஷம். மூணு. நாலு..."

வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது. கார் வந்துவிட்டது.

யாரோ என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிள்ளைகளையும் எழுப்பி நிறுத்தினார்கள். நிலோஃபர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "விடுடி, மூச்ச விடு" என்று நான்தான் முதுகில் தட்டினேன்.

மேடையில் வெளியீடு நடந்தது. தங்கநிறக் காகிதம் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பொட்டலத்தைத் தாம்பாளத்தில் கொண்டுவந்தார்கள். நல்ல கனம். என் புத்தகம் பத்துப் பிரதி இருந்தாலும் அந்தக் கனம் வராது.

"உள்ள என்னங்க இருக்கு?" என்று ராஜ்குமாரைக் கேட்டேன்.

"தெரியல மேடம். நான் சேர்றதுக்கு முன்னாடி கட்டினது. எல்லா விழாவுக்கும் இதைத்தான் வெளியிடுவோம். ஒவ்வொரு தடவையும் பேப்பர் சுத்தினா கட்டுப்படியாகாதுல்ல?"

"பிரிச்சுப் பார்க்க மாட்டாங்களா?"

"வெளியிடறவங்க எதுக்கு மேடம் பிரிக்கணும்?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

கல்வித் தந்தை பொட்டலத்தை வெளியிட, முதற்படியை ஒன்பது பேர் பெற்றுக்கொண்டார்கள். ஒரே பொட்டலம்தான், ஒன்பது தடவை கைமாறியது. ஒவ்வொரு தடவையும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது முதற்படிக்கும் மூன்றாவது முதற்படிக்கும் நடுவில் யார் முதல் என்று சின்னச் சலசலப்பு. அவர்களை மட்டும் மறுபடி முதலில் பெறச்செய்தார்கள்.

பிறகு கல்வித் தந்தை பேசினார். யாரோ அவர் கையில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள்.

"கடல்வாழ் உயிரினங்கள் மீது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தீராத காதல். வஞ்சிரம், இறால், நண்டு... எங்கள் கல்லூரி விடுதிகளில் புதன்கிழமை தோறும் மீன் போடுகிறோம். இந்த ஆவுளியாவை மட்டும் நான் இன்னும் சாப்பிட்டதில்லை. ஆசிரியர் சகோதரி எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டபோது, ஆவலாக இருந்தது."

தூணுக்குப் பின்னாலிருந்து "அய்யோ" என்று ஒரு குரல் கேட்டது. அவர் சீட்டைப் பார்த்தார்.

"இந்தப் பிராணியிடமிருந்து மாணவச் செல்வங்கள் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. இது சாது. சத்தம் போடாது. குனிந்த தலை நிமிராமல், கிடைத்ததைத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். என் கல்லூரிகளில் மாணவர்களை நாங்கள் இப்படித்தான் உருவாக்குகிறோம். பெற்றோர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள்!"

மண்டபத்தில் இருந்த பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. தலைவரிடம் போய்க் காதில் சொன்னேன். "ஐயா, பிள்ளைங்க கெளம்பணும். ரெண்டே ரெண்டு நிமிஷம். அந்தக் குட்டிக்கு என்னாச்சுன்னு மட்டும் சொல்லிடறேன்."

"எந்தக் குட்டிக்கும்மா?"

"கதையில வர்ற குட்டிங்க ஐயா."

"அதுக்கென்னம்மா, ஏற்புரையில சொல்லிடுங்க. இன்னும் பதினெட்டு வாழ்த்துரைதான். நடுவுல உங்களை விட்டா, விடுபட்டவங்க மனசு நோகுமில்ல? குட்டி எங்க போயிடப் போவுது!"

கீழே ஞானாம்பாள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் போன நிலோஃபர் நின்று, மேடையைப் பார்த்து, அவ்வளவு பெரிய மண்டபத்தில் கூச்சமே இல்லாமல் கத்தினாள்.

"அக்கா! குட்டி செத்துப்போச்சா?"

வாழ்த்திக்கொண்டிருந்தவர் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு, வாழ்த்துரையின் நடுவில் குழந்தைகள் பேசக் கூடாது என்பதைப் பற்றி வாழ்த்த ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. ஆறு நாள் ஊசி குத்துகிறவளின் கோபம். மேடையிலிருந்து இறங்கி, குனிந்து மேடைக்கு அடியில் கையை விட்டு, புத்தகப் பெட்டியை இழுத்து, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். ராஜ்குமார் குறுக்கே வந்தார்.

"மேடம், எங்க?"

"வெளியிட்டாச்சுல்ல?"

"ஆச்சு."

"அப்ப படிக்கலாம்ல?"

அவர் யோசித்தார். விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். வழிவிட்டார்.

பஸ் கிளம்பி குடமுருட்டிப் பாலம் தாண்டுவதற்குள் முப்பத்தெட்டு பேர் கையிலும் புத்தகம் இருந்தது. டிரைவர் பாட்டை நிறுத்தினார். நான் டிரைவருக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னேன். நாலு நிமிஷம். நாலரை நிமிஷம். படகில் இருந்த மீனவர் வலையைப் பார்த்தார். புது வலை. பிறகு குட்டியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"வெட்டுங்க! வெட்டுங்க!" என்று பஸ்ஸே கத்தியது. எதிரே வந்த நெல்லு லாரிக்காரர் என்னவோ ஏதோ என்று ஓரம் ஒதுங்கினார்.

வலை அறுந்தது. இரண்டு துவாரங்கள் திறந்தன. 'புஸ்' என்று முப்பத்தெட்டு பேரும் மூச்சு விட்டார்கள். நிலோஃபர் விட்ட மூச்சில் முன்சீட்டுப் பையன் தலைமுடி பறந்தது. ஞானாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். பிறகு பூதலூர் வரைக்கும் கேள்விதான். ஆவுளியா தூங்குமா? உப்புத்தண்ணிக்குத் தாகம் எடுக்காதா? நம்ம வாய்க்கால் தண்ணி அதுகிட்டப் போகுமா? போகும் என்றேன். அப்போ பிளாஸ்டிக் பையும் போகுமா? அதுவும் போகும் என்றேன். கேட்ட பையன் ஜன்னல் வழியாக வாய்க்காலை எட்டிப் பார்த்தான். தெரியாத கேள்விகளுக்குத் தெரியாது என்றேன். அப்படி ஒருவர் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை போல, அதற்கும் கைதட்டினார்கள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி நின்றபோதுதான் பயம் வந்தது. அறுபத்தொரு பேரை அவமானப்படுத்திவிட்டு வந்திருக்கிறேன். போன் அடித்தது. புலவர் வைத்தியலிங்கம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எழில்மொழி, விழா பிரமாதம்மா! உங்க ஏற்புரைதான் சிகரம்."

"ஐயா... நான்தான் பேசவே இல்லையே?"

"ஆமாமா, நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. அதனால என்ன, சால்வை இருந்துச்சே. பேரவையில ஏற்புரை எப்பவும் எழுதித் தயாரா இருக்கும். ராஜ்குமார் வாசிச்சாரு. நீங்க நா தழுதழுத்து, பேச்சு வராம, தலைவருக்கு நன்றி சொல்ற இடம் ஒண்ணு வரும் பாருங்க, கல்வித் தந்தையே கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு."

பேச்சு வராமல் நின்றேன்.

"ஒரே ஒரு குறைம்மா. தப்பா எடுத்துக்கக் கூடாது. கொஞ்சம் நீளமாப் பேசிட்டீங்க."

"அடுத்த தடவை சுருக்கமாப் பேசுறேங்க ஐயா."

"அதான் சொல்ல வந்தேன். வர்ற மாசம் உங்களுக்குப் பாராட்டு விழா முடிவு பண்ணியிருக்கோம். நீங்க மெனக்கெட்டு அவ்வளவு தூரம் வர வேண்டாம்."

"கண்டிப்பா வரமாட்டேங்க ஐயா" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்று மனநிறைவோடு போனை வைத்தார் தலைவர்.